நிகழ்வு ஆய்வு: 266-ஆம் எண் பண்ணை, ஜானி கேஷ் வளர்ந்த வீடு

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், மிசிசிப்பி கவுன்டியில் டைஸ் என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. ஊர் நடுவிலிருந்து இரண்டு மைல் தள்ளி, வயல்வெளிக்கு நடுவே தன்னந்தனியாக ஒரு வெள்ளை மரவீடு. பாடகர் ஜானி கேஷ் மூன்று வயதில் இந்த வீட்டுக்கு வந்தார். 1950-ல் பள்ளி முடித்து விமானப்படைக்குப் போகும்வரை இங்கேதான் வளர்ந்தார். ஆர்கன்சா மாநிலப் பல்கலைக்கழகம் 2011-ல் வீட்டை வாங்கிச் சீரமைத்து, 2014 ஆகஸ்ட் 16 அன்று மக்களுக்குத் திறந்துவிட்டது.

பிரபலம் ஒருவர் இருந்த வீட்டை நினைவில்லமாக்குவது புதிதல்ல. ஆனால் அப்படிக் காப்பாற்றப்படுபவை பெரும்பாலும் நல்ல கல்லிலும் நல்ல மரத்திலும் நின்று கட்டியவை. இது அப்படிப்பட்டதல்ல. அரசு நிவாரணத் திட்டத்தில், குறைந்த செலவில், அவசரமாக, ஒரே அச்சில் வார்த்ததுபோல் எழுப்பிய வீடுகளில் ஒன்று. நூறாண்டு நிற்கும் என்று யாரும் கணக்குப் போட்டுக் கட்டவில்லை. சீரமைப்பவர்களுக்கு இங்கே இரண்டு வேலை: வீடு விழாமல் பார்ப்பது ஒன்று, பார்க்கிற சாக்கில் அது ஒருநாளும் இல்லாத அளவுக்கு நல்ல வீடாகிவிடாமல் தடுப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் கடினம்.

வீடு வந்த கதை

1930களின் பொருளாதாரச் சரிவான பெருமந்தக் காலத்தில், 1934-ல், மத்திய அரசின் அவசர நிவாரணப் பணத்தில் தொடங்கப்பட்ட குடியேற்றம் இது. வில்லியம் ரெனால்ட்ஸ் டைஸ் என்ற நிர்வாகியின் யோசனை. ஊருக்கு அவர் பெயரே நிலைத்தது. சுமார் 16,000 ஏக்கர் நிலம். மரம் வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட சதுப்பு. நிவாரணப் பட்டியலில் இருந்த ஆட்களைக் கொண்டே கால்வாய் வெட்டி, சாலை போட்டு, ஏறக்குறைய 500 வீடுகளை எழுப்பினார்கள். வீடுகளின் வரைபடம் ஹோவர்ட் ஐகன்பாம் என்ற கட்டடக் கலைஞருடையது. ஊரின் நடுவில் நிர்வாகக் கட்டடம், பள்ளி, மருத்துவமனை, பருத்தி அரவை ஆலை; அங்கிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் சாலைகள்; சாலையோரம் 20 முதல் 40 ஏக்கர் வரையிலான பண்ணைகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.

குடும்பங்களை விண்ணப்பம் வாங்கி, விசாரித்து, சலித்தெடுத்தார்கள். வெள்ளையருக்கு மட்டுமே இடம். அதே வட்டாரத்தில் பருத்தியில் உழைத்து நொடித்துப்போன கறுப்பினக் குடும்பங்களுக்குக் கதவு மூடியே இருந்தது. இந்த வீட்டைக் காட்டும் எந்தச் சுற்றுலாவும் இதைச் சொல்லாமல் போனால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

ரே கேஷ், கேரி கேஷ் குடும்பம் கிங்ஸ்லாந்து என்ற ஊரிலிருந்து சுமார் 250 மைல் லாரியில் பயணம் செய்து 1935 மார்ச்சில் இங்கே வந்தது. அவர்களுக்குக் கிடைத்தது 266-ஆம் எண் பண்ணை. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், சாப்பாட்டறை, சமையலறை. முன்னும் பின்னும் தாழ்வாரம். வெளியே மாட்டுக் கொட்டகை, கோழிக் கூண்டு, இறைச்சிக்குப் புகைபோடும் கொட்டில், கழிப்பறை. குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் கிடையாது. வீடு, நிலம், மளிகை எல்லாம் கடன் கணக்கில். விளைச்சலிலிருந்து திருப்பிக் கட்ட வேண்டும். அடுத்தவர் நிலத்தில் பங்குக்கு உழுதுகொண்டிருந்த குடும்பங்களுக்கு இந்த ஐந்து அறையே பெரிய ஏற்றம்தான். இன்று அங்கே நுழைபவர் ‘இவ்வளவு சின்ன வீடா’ என்கிறார். 1935-ல் நுழைந்தவர்களுக்கு அது பெரிய வீடு. காட்சிப்படுத்துபவர் மனதில் வைக்க வேண்டிய முதல் விஷயம் இது.

சீரமைப்பவருக்கு இந்தப் பின்னணியால் ஒரு லாபம் உண்டு. சில வகை வரைபடங்களைத்தான் திரும்பத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ஆகவே ஒரு வீட்டில் காணாமல்போன ஜன்னல் சட்டத்தின் அளவை, எஞ்சியிருக்கும் இன்னொரு வீட்டில் போய் எடுக்கலாம். தனிக் கொத்தனார் கைவண்ணத்தில் எழுந்த வீட்டுக்கு இந்த வசதி இல்லை. சிக்கல் என்னவென்றால், உடன்பிறந்த வீடுகளில் பெரும்பகுதி போய்விட்டது. நிற்பவற்றிலும் ஒவ்வொரு உரிமையாளரும் கை வைத்திருக்கிறார்கள்.

மண்தான் முதல் எதிரி

டைஸ் நிற்பது மிசிசிப்பி ஆற்று வண்டல் சமவெளியில். 1811-12 நியூ மாட்ரிட் நிலநடுக்கங்களில் தாழ்ந்துபோன பகுதி இது. ‘மூழ்கிய நிலம்’ என்றே அந்த வட்டாரத்துக்குப் பெயர். தண்ணீர் தேங்கும் இடத்தில் காலங்காலமாகப் படிந்த மெல்லிய களி. ‘கம்போ’ என்பார்கள் அங்கே. நம் கரிசலின் குணம் தெரிந்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம்: மழையில் ஊதும், வெயிலில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். களித் துகள்கள் மெல்லிய ஏடுகளாக அடுக்கியிருப்பதும், ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து அவற்றை விலக்குவதுமே காரணம்.

இந்த மண்ணின் மேல் கனமில்லாத மரவீட்டை வைத்தால் என்ன ஆகும்? வீட்டின் எடை மண்ணை அழுத்திப் பிடிக்கப் போதாது. சுற்றுச்சுவர் ஓரத்து மண் மழையையும் வெயிலையும் நேரடியாக வாங்குகிறது. நடுவில் உள்ள மண் கூரை நிழலில் ஏறக்குறைய ஒரே ஈரத்தில் இருக்கிறது. அதனால் மழைக்காலத்தில் ஓரங்கள் உயர்ந்து நடு பள்ளமாகும். கோடையில் ஓரங்கள் இறங்கி நடு மேடாகும். ஆண்டுக்கு ஒருமுறை வீடு மூச்சு விடுவதுபோல் இப்படி நடக்க, எழுபது எண்பது ஆண்டில் ஆணிகள் தளர்ந்து, தாங்கு தூண்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்துவிடும்.

அறிகுறிகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். கதவு ஒரு பருவத்தில் ஒட்டும், இன்னொரு பருவத்தில் தானாகத் திறந்துகொள்ளும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். தரையில் கோலிக்குண்டை வைத்தால் உருளும். புகைபோக்கி செங்கல்லில் நிற்பது, வீடு மரத்தில் நிற்பது. இரண்டும் வேறு வேறு அளவில் அசைவதால் கூரையும் புகைபோக்கியும் சந்திக்கும் இடம் திறந்து மழை உள்ளே இறங்கும். மேலே கூரையைப் பழுதுபார்த்து, கீழே மண்ணைக் கவனிக்காமல் விட்டால் மூன்றாவது மழைக்காலத்தில் அதே இடத்தில் ஒழுகும்.

266-ஆம் எண் வீட்டில் எடுத்த முடிவு அடிப்படையானது. வீட்டை முழுதாகத் தூக்கி நகர்த்தி வைத்துவிட்டு, அடியிலிருந்த களியைத் தோண்டி அப்புறப்படுத்தி, புது அடித்தளம் போட்டு, வீட்டைப் பழைய இடத்திலேயே திரும்ப உட்கார வைத்தார்கள். இது 2012-ல் நடந்தது. மேலே உள்ள எதையும் தொடுவதற்கு முன்னால் இதைச் செய்ததுதான் இந்தத் திட்டத்தின் மிகச் சரியான தீர்மானம் என்பது எங்கள் கருத்து. கேஷ் ரசிகர் யாரும் அஸ்திவாரத்தைப் பார்க்கப் போவதில்லை. நன்கொடையாளருக்குப் படமெடுத்து அனுப்பவும் அதில் அழகாக ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும் பணத்தை முதலில் அங்கே போட்டார்கள்.

தூக்குவதும் இறக்குவதும்

இந்த வகை வீட்டைத் தூக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறோம். இதே மண்ணில் எந்த மரவீட்டுக்கும் பொருந்தும்.

முதலில் அளவு. தோண்டப் போகும் எல்லைக்கு வெளியே, அசையாத இடத்தில், குறைந்தது இரண்டு நிலைக்குறிகளை நட வேண்டும். வீட்டின் நான்கு மூலைகளும், தரை மட்டமும், முகப்பின் திசையும் அந்தக் குறிகளிலிருந்து பதிவாக வேண்டும். அமெரிக்காவின் வரலாற்றிடத் தேசியப் பதிவேடு, இடம் மாறிய கட்டடங்களைச் சாதாரணமாக ஏற்பதில்லை. வீடு அதே இடத்தில், அதே திசை பார்த்து, அதே உயரத்தில் திரும்பியது என்று காட்ட இந்த அளவுகள் வேண்டும். இந்த வீடு 2018-ல் அப்பதிவேட்டில் ஏறியது. பண்ணை எண் 266 என்ற பெயர் முன்னால், கேஷின் பெயர் பின்னால்.

அடுத்தது கழற்றல். பிற்காலத்தில் வந்த குழாய், மின்கம்பி இணைப்புகளைத் துண்டிக்க வேண்டும். புகைபோக்கியைக் கூரையிலிருந்தும் தரையிலிருந்தும் பிரிக்க வேண்டும். செங்கல்லைச் சேர்த்துத் தூக்க முயன்றால் அது பாதி வழியில் சரியும், சரியும்போது சுவரையும் இழுத்துக்கொண்டு போகும். ஜன்னல் கண்ணாடிகள் பழைய அலையோடிய கண்ணாடியாக இருந்தால் எண் போட்டுக் கழற்றி வைப்பது நல்லது. கதவு, ஜன்னல் திறப்புகளில் மூலைக்கு மூலை சாய்வுக் கட்டைகள் அடிக்க வேண்டும். கட்டை அடிப்பதற்கு முன் ஒவ்வொரு திறப்பின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து எழுத வேண்டும். தூக்கும்போது வீடு முறுக்கிக்கொள்கிறதா என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது இந்த எண்கள்தான்.

பிறகு அடிச்சட்டம். சுவர் முழுவதும் உட்கார்ந்திருக்கும் இந்தக் கனமான மரத்தை ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும். கரையானோ ஈரமோ தின்ற இடத்தில் ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். அப்படிப்பட்ட இடத்தில் எஃகு உத்தரத்தை வைத்துத் தூக்கினால் வீடு எழும்பாது, சட்டம்தான் நசுங்கும். பக்கத்தில் புது மரத்தை இணைத்து போல்ட் போட்டுத் தற்காலிகமாகப் பலப்படுத்திய பிறகே தூக்கலாம்.

தூக்கும்போது நீளவாக்கில் இரண்டு பெரிய எஃகு உத்தரங்கள், அவற்றின் மேல் குறுக்கே சிறியவை, அதன்மேல் வீடு. ஜாக்கிகள் எல்லாம் ஒரே இயந்திரத்தில் இணைக்கப்பட்டு ஒன்றாக ஏற வேண்டும். தனித்தனி ஜாக்கியை ஆளுக்கொன்றாகத் திருகுவது சின்ன வீட்டுக்குப் போதும் என்று தோன்றும். ஒரு மூலை முந்திக்கொண்டால் ஆணி பிடுங்குகிற சத்தம் கேட்கும், அதற்குப் பிறகு திருத்த முடியாது. சிறுகச் சிறுக உயர்த்தி, ஒவ்வொரு உயர்வுக்கும் கீழே ஆறங்குலச் சதுரக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக்கொண்டே வர வேண்டும். அந்த அடுக்கின் உயரம் அதன் அடி அகலத்தைப்போல் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகவும் கூடாது.

களியைத் தோண்டி எடுத்த பள்ளத்தில் எதைக் கொட்டுவது என்பதில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். கையில் கிடைக்கிற ஆற்று மணலைக் கொட்டி நிரப்பினால் வேலை சுலபமாக முடியும். ஆனால் சுற்றிலும் தண்ணீர் விடாத களி, நடுவில் தண்ணீர் குடிக்கும் மணல். மழை வந்ததும் பள்ளம் தொட்டியாகிவிடும். அந்தத் தண்ணீர் பக்கத்துக் களியை ஊறவைத்து, எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதையே கொண்டுவரும். ஊதாத, ஆனால் தண்ணீரை எளிதில் விடாத மண்ணை ஆறு முதல் எட்டு அங்குலப் படலங்களாகப் பரப்பி, ஒவ்வொரு படலத்தையும் இறுக்கி ஏற்ற வேண்டும். மணல் தவிர வேறு வழியில்லை என்றால் பள்ளத்தின் அடியிலிருந்து வெளியே ஓடும் வடிகால் கட்டாயம். சமவெளியில் தண்ணீர் எங்கே ஓடும் என்ற கேள்வியும் வரும். டைஸைச் சுற்றி அன்று வெட்டிய வடிகால் வாய்க்கால்கள் இல்லையென்றால் அங்கே ஊரே இருந்திருக்காது.

வீட்டைச் சுற்றி முதல் பத்து அடியில் ஆறு அங்குலம் சரிவு இருக்க வேண்டும். பூச்செடிப் பாத்தி வேண்டாம். தினமும் ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் ஊற்றினால் அந்தப் பக்கம் மட்டும் மண் ஊதும். மரம் வைத்தால் அது வளர்ந்து எட்டக்கூடிய உயரத்தளவு தூரம் தள்ளி வைக்க வேண்டும். வேர் ஈரத்தை உறிஞ்சுவதும் ஒரு பக்கச் சுருக்கம்தான்.

இறக்கும்போது எல்லாருக்கும் வரும் ஆசை, ரசமட்டம் வைத்துத் தரையை ஒரே நாளில் நேராக்கிவிட வேண்டும் என்பது. எண்பது ஆண்டு வளைந்தபடி நின்ற மரம் அந்த வளைவையே தன் வடிவமாக எடுத்துக்கொண்டிருக்கும். அதை ஒரேயடியாக நிமிர்த்தினால் மேலே மூட்டுகள் பிளக்கும். தாங்குமளவு நிமிர்த்திவிட்டு, மீதியை விட்டுவிடுவதுதான் முறை. கொஞ்சம் கோணல் இருக்கட்டும்.

நிலநடுக்கப் பகுதி என்பதால் வீட்டை அடித்தளத்தோடு இரும்புப் பட்டையால் பிணைக்கவும் வேண்டும். 1930களின் வீடுகள் பல தூண்மேல் சும்மா உட்கார்ந்திருந்தவை. பிணைப்பை வெளியிலிருந்து தெரியாதபடி அடிச்சட்டத்தின் உட்பக்கம் போடலாம். அப்படியே உயரத்தையும் கூட்டிவிடலாமே என்றும் தோன்றும். 1937 ஜனவரி வெள்ளத்தில் இந்தக் குடியேற்றமே தண்ணீரில் நின்றது. கேஷ் குடும்பமும் வீட்டைவிட்டு வெளியேற வேண்டி வந்தது. அதைத்தான் 1959-ல் கேஷ் பாட்டாக்கினார். வீட்டை மூன்றடி உயர்த்தியிருந்தால் அடுத்த வெள்ளத்துக்குப் பாதுகாப்பு. ஆனால் தண்ணீர் அடிக்கு அடி ஏறுவதைச் சொல்லும் அந்தப் பாட்டை அந்த வீட்டின் முன்னால் நின்று புரிந்துகொள்ள முடியாது. பழைய உயரத்திலேயே வைப்பதுதான் சரி. வெள்ளத்துக்குப் பயந்து செய்ய வேண்டியது சாமான்களை எடுத்துப்போகும் அவசரத் திட்டம்.

எந்த ஆண்டு?

அமெரிக்க உள்துறையின் வழிகாட்டு நெறிகள் நான்கு வழி சொல்கின்றன: இருப்பதை இருந்தபடி பாதுகாப்பது, புதுப் பயனுக்கு ஏற்றபடி திருத்துவது, ஒரு குறிப்பிட்ட காலத்துக்குத் திருப்புவது, போனதைப் புதிதாகக் கட்டுவது. டைஸ் வீட்டுக்கு எடுத்தது மூன்றாவது. கொட்டகை, கழிப்பறை முதலிய துணைக் கட்டடங்கள் தரையோடு போயிருந்ததால் அவற்றுக்கு நான்காவது. வீடு திறந்து சில ஆண்டு கழித்துத் தனிக் கட்டமாக அது நடந்தது.

ஒரு காலத்துக்குத் திருப்புவது என்றால் பிந்தைய காலத்தை அழிப்பது என்றும் பொருள். கேஷ் குடும்பத்துக்குப் பிறகு அதே வீட்டில் மற்றவர்களும் குடியிருந்தார்கள். அவர்கள் ஒட்டிய சுவர்ப்பலகையும் விரித்த தரைவிரிப்பும் அவர்களுடைய வாழ்க்கை. எடுப்பதற்கு முன் ஒவ்வொரு படலத்தையும் படமெடுத்து, ஓர் உள்ளங்கையளவு துண்டை உறையில் போட்டு, எந்தச் சுவர், எந்த வரிசை என்று எழுதி வைக்க வேண்டும். 1930களின் வீடுகளில் தரையில் தார் தோய்ந்த அட்டையின் மேல் அச்சடித்த மலிவு விரிப்பு அல்லது லினோலியம் இருக்கும். பின்னால் வந்த விரிப்புகளின் அடிப்பாகத்திலும் கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஆய்வுக்கூடத்தில் காட்டாமல் சுரண்டக் கூடாது. பெயிண்டும் அப்படியே. அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் தடையானது 1978-ல். அதற்கு முன் பூசிய எல்லாவற்றையும் ஈயமென்றே வைத்துக்கொண்டு ஈரம் தெளித்துச் சுரண்ட வேண்டும். சூடேற்றும் கருவி பயன்படுத்தினால் 1,100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ். அதற்கு மேல் போனால் ஈயம் புகையாகிவிடும் என்பதால் சட்டமே தடுக்கிறது.

சான்றுகள் மூன்று வகை. ஒன்று, வரைபடங்களும் புகைப்படங்களும். அரசு நிறுவனத்துக்காக ஆர்தர் ராத்ஸ்டீன் 1935-ல் இந்தக் குடியேற்றத்தைப் படமெடுத்திருக்கிறார். வீடுகள் புதிதாக இருந்த கோலம் அதில் தெரியும். இரண்டு, மரத்தில் எஞ்சிய தடங்கள்: அலமாரி இருந்த இடத்தில் பெயிண்ட் படாத கோடு, அடுப்புக் குழாய் நுழைந்த வட்டம், திரைக்கம்பி ஆணி ஓட்டை. மூன்று, நினைவு. கேஷின் தங்கை ஜோவானும் தம்பி டாமியும் எந்த அறையில் என்ன இருந்தது என்று சொல்லி உதவினார்கள். பெரிய கொடுப்பினை. ஆனால் ஜோவான் பிறந்தது 1938, டாமி 1940. அவர்கள் கண்ணில் நிற்பது 1940களின் வீடு. குடும்பம் வந்திறங்கிய 1935-ன் வெறும் கூடமல்ல. நினைவை நம்பிச் சாமான் வைத்தால் எந்த ஆண்டைக் காட்டுகிறோம் என்பதும் அதோடு முடிவாகிவிடுகிறது. இதை வெளிப்படையாக எழுதி வைக்காத நினைவில்லங்களில் 1935-ன் விளக்கும் 1948-ன் மேஜைத்துணியும் ஒரே அறையில் கூசாமல் உட்கார்ந்திருக்கும்.

பெயிண்ட் பூசுவதில் ஓர் எச்சரிக்கை. வெளிச்சுவரின் பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுக்கைவாக்கில் நிற்கும். மேலேறும் இடத்து இடுக்கைப் பசைவைத்து அடைத்தால் பார்க்க வழவழப்பாக இருக்கும். உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றி பலகை பின்பக்கத்திலிருந்து இற்றுப்போகும், பெயிண்ட் கொப்பளித்து உரியும். இடுக்கைத் திறந்தே விட வேண்டும். மாற்றுப் பலகையின் ஆறு பக்கத்திலும் முதல் பூச்சு அடித்த பிறகே பொருத்த வேண்டும், முக்கியமாக வெட்டுமுனையில். மரம் தண்ணீர் குடிப்பது அந்த வாய் வழியாகத்தான். பலகையில் ஒரு கைப்பிடியளவு இற்றிருந்தால் அதை மட்டும் வெட்டி அதே நார்வாக்கில் ஒட்டுப்போடலாம். பழைய பலகையின் வளர்ச்சி வளையங்கள் நெருக்கமானவை; இன்று தோப்பில் வேகமாக வளர்த்து வெட்டும் மரம் அதற்கு ஈடாகாது. முழுதும் மாற்றி, தெளிப்பானில் வெள்ளை அடித்தால் வீடு கடைப்பொம்மைபோல் மின்னும். தூரிகைத் தடம் தெரிவதில் குறை ஒன்றுமில்லை.

குளிரூட்டியை யோசித்துத்தான் வைக்க வேண்டும். ஈரக்காற்று நாட்டில், காப்புப் படலம் இல்லாத மரச்சுவருக்கு உள்ளே நன்றாகக் குளிர வைத்தால், வெளிக்காற்றின் ஈரம் பலகையின் பின்பக்கம் வியர்த்துவிடும். சாமான்களுக்காக ஈரத்தை ஓரளவு கட்டுப்படுத்தினால் போதும். வருகிறவர்களுக்குச் சுகம் என்று வெப்பநிலையைத் தாழ்த்த வேண்டாம்.

ஆட்கள் வந்தால் தரை தாங்குமா

வீட்டுத் தரைக்கு அமெரிக்க விதிகள் கேட்பது சதுர அடிக்கு 40 பவுண்டு. கூட்டம் கூடும் இடத்துக்கு 100. குடும்பத்துக்குக் கட்டிய தரையில் சுற்றுலாக் கூட்டம் நிற்கிறது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 144 சதுர அடி. இருபது பேர், ஆளுக்கு 175 பவுண்டு, மொத்தம் 3,500. பரவி நின்றால் சதுர அடிக்கு 24 பவுண்டுதான். ஆனால் யாரும் பரவி நிற்பதில்லை. கயிறு கட்டிய பியானோவைப் பார்க்கப் பாதி அறையில் நெருங்குவார்கள். அங்கே 49 ஆகிவிடும். பத்துப் பேராகக் குறைத்தால் அதே நெரிசலிலும் 24. தரைக்கு அடியில் குறுக்குச் சட்டங்களை இரட்டிப்பதைவிட, ஆளைக் குறைப்பது மலிவு, மரத்துக்கும் சேதமில்லை.

டைஸில் கார்கள் வீட்டு வாசலுக்குப் போவதில்லை. ஊர் நடுவில் இறங்கி, அங்கிருந்து சிற்றுந்தில் குழுவாகப் போக வேண்டும். இதனால் கூட்டம் தானாக அளவாகிறது. களிமண்ணில் வண்டி நிறுத்துமிடம் போட்டு வயலைக் கெடுக்கும் தேவையும் இல்லை. சீரமைத்த நிர்வாகக் கட்டடத்தில் காட்சிப் பொருள்கள் இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டி, எழுத்துப் பலகை, ஒலிப்பெட்டி எல்லாம் அங்கேயே தங்கிவிடுவதால் வீடு வீடாக இருக்கிறது. சின்ன வீட்டைக் காட்சியாக்கும் எவரும் இந்தப் பிரிவினையைக் கடைப்பிடிக்க வேண்டும்.

பணத்தின் ஒரு பகுதி பாட்டிலிருந்தே வந்தது. 2011 ஆகஸ்டில் ஜோன்ஸ்பரோ நகரில் உள்ள அதே பல்கலைக்கழகத்தின் அரங்கில் முதல் நிதிதிரட்டு இசை விழா. கேஷின் மகள் ரோசான் கேஷ், ஜார்ஜ் ஜோன்ஸ், கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன் பாடினார்கள். விழாப் பணம் ஒருமுறை வருவது. அதைக் கட்டுமானத்துக்குச் செலவிட்டு, பராமரிப்பைப் பல்கலைக்கழகத்தின் ஆண்டு நிர்வாகத்தில் வைத்ததுதான் கெட்டிக்காரத்தனம்.

மற்ற மூன்று வீடுகள்

மிசிசிப்பி மாநிலத்தின் டுபெலோவில் எல்விஸ் பிரெஸ்லி 1935 ஜனவரி 8 அன்று பிறந்தது இரண்டே அறை கொண்ட வீட்டில். தந்தை வெர்னன் 180 டாலர் கடன் வாங்கிக் கட்டியது. சில ஆண்டிலேயே கைவிட்டுப் போனது. 1957-ல் எல்விஸ் அங்கே நடத்திய நிதிக் கச்சேரிப் பணத்தில் நகரம் அந்த வீட்டையும் சுற்று நிலத்தையும் வாங்கிப் பூங்காவாக்கியது. வீடு தப்பியது. ஆனால் இரண்டு அறை வீட்டைப் பூங்காவின் புல்வெளி சூழ்ந்ததும், அது நின்றிருந்த ஏழைத் தெரு கண்ணில் படாமல் போயிற்று. டைஸ் வீட்டைச் சுற்றி இன்னும் வயலே இருப்பதன் அருமை டுபெலோவைப் பார்த்தால் தெரியும்.

லிவர்பூலில் பால் மெக்கார்ட்னி 1955 முதல் இருந்த ஃபோர்த்லின் சாலை 20-ஆம் எண், நகராட்சி கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. பிரிட்டனின் தேசிய அறக்கட்டளை 1995-ல் வாங்கியது. அங்கே கிடைத்த பெரிய சான்று, தம்பி மைக் அந்த நாளில் வீட்டுக்குள்ளேயே எடுத்த புகைப்படங்கள். நினைவைவிடப் படம் மேல், ஆண்டு குழம்பாது.

வட கரோலினாவின் ட்ரையனில் நீனா சிமோன் 1933-ல் பிறந்த மூன்று அறை வீடு, ஏறக்குறைய 660 சதுர அடி, இடிபடும் நிலைக்கு வந்தபோது 2017-ல் நான்கு கறுப்பினக் கலைஞர்கள் சேர்ந்து 95,000 டாலருக்கு வாங்கினார்கள். 2020-ல் அந்த நிலத்தின்மேல் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்று பதிவானது. இடிக்கவோ இஷ்டப்படி மாற்றவோ கூடாது என்ற கட்டுப்பாடு உரிமையாளர் மாறினாலும் பத்திரத்தோடு தொடரும். அமெரிக்காவில் தனியார் கையில் உள்ள வீட்டுக்கு இதுதான் வலுவான காப்பு. தேசியப் பதிவேட்டில் ஏறியதால் மட்டும் சொந்தக்காரர் இடிப்பதைத் தடுத்துவிட முடியாது.

இனி பார்க்க வேண்டியது

புது அடித்தளம் போட்டாயிற்று என்று களியை மறந்துவிட முடியாது. தோண்டிய எல்லைக்கு வெளியே அது அப்படியேதான் இருக்கிறது. அடிச்சட்டத்தில் நான்கு மூலை, நான்கு நடு என்று எட்டுப் புள்ளிகளில் சின்னப் பித்தளைக் குறி பதித்து, மழை முடிந்ததும் ஒருமுறை, கடும் கோடை முடிவில் ஒருமுறை, வெளியே நட்ட நிலைக்குறியோடு ஒப்பிட்டு உயரம் எடுக்க வேண்டும். இரண்டு பருவத்துக்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்காண்டு ஒரே அளவில் இருந்தால் கவலையில்லை. ஏதாவது ஒரு மூலை மட்டும் ஏறிக்கொண்டே போனால் அந்தப் பக்கம் தண்ணீர் எங்கோ தேங்குகிறது. சரிவையும் வடிகாலையும் போய்ப் பார்க்க வேண்டும். அடியில் தவழ்ந்து கரையான் மண்குழாய் தேடுவதும் அதே நாளில். நடுவில் கதவு உரசத் தொடங்கினால் இழைப்புளியை எடுக்க வேண்டாம், அளவேட்டை எடுக்கவும்.